கேனான் 100-500ஆ, 200-800ஆ: பள்ளிக்கரணைக்கு எது, முதுமலைக்கு எது?

கேனான் மிரர்லெஸ் வச்சிருக்கவங்க பறவை, மிருகம்னு இறங்கிட்டா கடைசில வந்து முட்டிக்கிட்டு நிக்கிறது இந்த ரெண்டு லென்ஸ்லதான், 2020ல வந்த ஆர்எஃப் 100-500, 2023ல வந்த ஆர்எஃப் 200-800. இந்த நம்பரெல்லாம் எம்எம், ஏற ஏற தூரத்துல இருக்கறது கிட்டத் தெரியும். ஜூம் ஆகாத பெரிய பிரைம் லென்ஸ் எல்லாம் கார் வாங்குற காசு, அத விட்டுடுவோம்.

200-800ன்னு சொன்னாலே "800ல எஃப் 9, இருட்டு லென்ஸ்பா"ன்னு எல்லாரும் சொல்றாங்க, அதாவது எஃப் நம்பர் பெருசானா வெளிச்சம் கம்மின்னு கணக்கு, அது பாதிதான் உண்மை. சென்னைல ரேடியல் ரோட்டோரமா நின்னு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல பூநாரை எடுக்கறீங்கன்னு வைங்க, பறவை ரொம்பத் தள்ளி நிக்குது, 500 பத்தல, அப்ப வீட்டுக்கு வந்து ஓரத்த வெட்டி கிராப்தான் பண்ணுவீங்க. 800 அளவுக்கு கிராப் பண்ணா கேனான் ஆர்5 கேமராவோட 45 மெகாபிக்சல்ல மிஞ்சறது 17, 18தான், புள்ளி புள்ளியா வர்ற நாய்ஸும் கூடவே பெருசாத் தெரியும். 100-500 முழு ஜூம்ல எஃப் 7.1, லென்ஸோட திறப்பு எவ்வளவுன்னு பாக்க 500ஐ 7.1ஆல வகுத்தா 70 எம்எம், 800ஐ 9ஆல வகுத்தா 89 எம்எம். அதாவது வெளிச்சம் உள்ள வர்ற வழி 200-800லதான் அகலம், அந்தப் பறவைகிட்ட இருந்து ஒன்றரை மடங்குக்கு மேலயே வாங்கும். கிராப் பண்ணியே ஆகணும்ங்கிற தூரத்துல அந்த "இருட்டு" லென்ஸ்தான் சுத்தமான படம் தரும்.

100-500ல 1.4 எக்ஸ்டெண்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டி 1.4 மடங்கு பெருசாக்கறது) போட்டுக்கலாமேன்னா, 700 எஃப் 10 ஆயிடும், அதுவும் 300க்கு மேலதான் ஜூம் வேலை செய்யும், மாட்டினபடியே முழுசா சுருக்கி பைல வைக்கவும் முடியாது. எனக்கு அது சுத்தமா பிடிக்கல.

காட்டுக்குள்ள கதையே வேற. முதுமலை சஃபாரி வண்டில சாயங்காலம் போறீங்க, திடீர்னு ரோட்டோரத்துல யானை நிக்குது, 200ல ஆரம்பிக்கிற லென்ஸ்ல காதும் தும்பிக்கையும்தான் ஃபிரேம்ல இருக்கும். 100-500ல 100க்கு வந்தா எஃப் 4.5, அந்தப் பக்கம் 200லயே எஃப் 6.3, வெளிச்சம் பாதியா போச்சு. எடையும் 100-500 1.4 கிலோ, 200-800 2 கிலோ, அதுல ட்ரைபாட்ல மாட்டுற காலரையும் கழட்ட முடியாது, ஜூம் ரிங்க ஒரே திருப்புல கொண்டு போக முடியாம கைய மாத்திப் பிடிக்கணும், அதுக்குள்ள மான் ஓடிடும். தட்டான், பட்டாம்பூச்சி எடுக்கறவங்களுக்கும் 100-500தான், 500ல 1.2 மீட்டர் வரைக்கும் கிட்டப் போகலாம், 800ல 3.3 மீட்டர் தள்ளி நிக்கணும்.

விலை பாத்தா கேனானோட உயர் ரக எல் சீரிஸ்ல வர்ற 100-500தான் அதிகம், அமெரிக்கால வந்தப்ப 2,699 டாலர், 200-800 1,899.

என்னக் கேட்டா, ஞாயித்துக்கிழமை காலைல பள்ளிக்கரணை, பழவேற்காடுன்னு போறவங்க 200-800 வாங்குங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவ காடுன்னா 100-500 வாடகைக்கு எடுத்துக்கலாம். ஆனா ஒண்ணு, நம்ம ஊர் வெயில் ஏறிட்டா தண்ணி மேல காத்து நெளியும், 800ல அது இன்னும் மோசமாத் தெரியும், பறவையோட கண்ணே ஷார்ப்பா வராது, லென்ஸ் சரியில்லன்னு சர்வீசுக்கு ஓடாதீங்க. விடிஞ்சதும் போயிடுங்க. ஏசி கார்ல வச்சிருந்தத டக்னு வெளிய எடுத்தா கண்ணாடி முழுக்க பனி படியும், அதனால இறங்குறதுக்கு கொஞ்ச நேரம் முன்னாடியே ஏசிய ஆஃப் பண்ணி ஜன்னல இறக்கி விட்டுடுங்க.