அல்டிமேட்டமா, டிக்டேட்டரா? டென்ஷனில் நியாயத்தை அளக்க எது சரி

டென்ஷனில் இருக்கும் ஒருவர் பேரத்தில் தாராளமாக விட்டுக்கொடுத்தால், அது நியாய உணர்வா, இல்லை எதிராளி மறுத்துவிடுவாரோ என்ற பயமா? இதை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் இரண்டு விளையாட்டுகள்தான் அல்டிமேட்டமும் டிக்டேட்டரும்.

1982-இல் பொருளாதார ஆய்வாளர் வெர்னர் கூத் குழுவினர் செய்த அல்டிமேட்டம் விளையாட்டில் ஒருவர் ஒரு தொகையை (100 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம்) பிரிக்கிறார், மற்றவர் 'வேண்டாம்' என்றால் இருவருக்கும் பூஜ்யம். பெரும்பாலோர் 40 முதல் 50 வரை தருகிறார்கள். டிக்டேட்டர் விளையாட்டிலும் ஒருவர் பிரிக்கிறார், ஆனால் மற்றவருக்கு மறுக்கும் உரிமையே கிடையாது, சராசரி 28 போல இறங்கிவிடுகிறது. அந்த இடைவெளியில் பெரும்பகுதி உத்திதான். அதனால் கொடுப்பவரின் மனதை அறிய டிக்டேட்டரைத்தான் நம்புவேன்.

ஆனால் வாங்குபவர் பக்கம் அல்டிமேட்டத்துக்கு ஈடே இல்லை. 20-க்குக் கீழே வந்தால் பாதிப்பேர் போல மறுக்கிறார்கள், அதுவும் ஒரே ஒரு சுற்று என்று தெரிந்தும், கையில் வருவதை இழந்தும்! கோபம் இங்கே அப்படியே தெரியும். அந்தக் கோபம் ஆறவும் செய்யும்: 2011-இல் கிரிம், மெங்கல் என்ற ஆய்வாளர்கள் வாங்குபவர்களைப் பதில் சொல்லுமுன் சுமார் 10 நிமிடம் காக்க வைத்தார்கள். குறைந்த தொகைக்கும் பலர் சரி என்றுவிட்டார்கள்.

அப்புறம், எந்த விளையாட்டானாலும் நேரத்தைக் கவனியுங்கள். இதயத் துடிப்பு உடனே ஏறும், டென்ஷனில் சுரக்கும் கார்டிசோல் ஹார்மோன் உச்சம் தொட 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஆக டென்ஷன் வந்த கையோடு பேரம் பேசுபவரும் அரைமணி கழித்துப் பேசுபவரும் உடலளவில் வேறு நிலையில் இருக்கிறார்கள். டென்ஷன் என்றாலே சுயநலம் என்பதையும் நான் ஏற்கமாட்டேன்: 2012-இல் ஆண்களிடம் நடந்த ஓர் ஆய்வில் டென்ஷனில் நம்பிக்கையும் பகிர்தலும் அதிகரிக்கத்தான் செய்தன.