தோட்டத்துச் சாலைக்கு ஹோண்டா இஎக்ஸ்5

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் பீடோர், சுங்காய் பக்கத்துத் தோட்டங்களில் விடிவதற்குள் கப்சாய் எனும் சிறு மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடும். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு, அப்படியே டவுனுக்கு வேலைக்குப் போகவேண்டும். பாதித் தூரம் செம்மண், மீதி கூட்டரசு சாலை 1. இந்த இரண்டுக்கும் ஒரே வண்டி என்றால் எங்கள் தேர்வு இன்னும் ஹோண்டா இஎக்ஸ்5 கப்சாய்தான். 17 அங்குலச் சக்கரம் குழியில் சிக்காமல் ஏறிவிடும். கிளட்ச் பிடி கிடையாது என்பதால் சேற்றில் முதல் கியரிலேயே ஊர்ந்து போகலாம்.

இதில் நமக்கு மிகவும் பிடித்தது மூடிய சங்கிலிக் கவசம். தூசி ஏறாது, பிள்ளையின் பள்ளிச் சட்டையில் எண்ணெய் தெறிக்காது. ஆனால் கண்ணில் படாத சங்கிலியை யார் கவனிக்கிறார்கள்? கவசத்திலுள்ள ரப்பர் அடைப்பைக் கழற்றி, விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். 2 முதல் 3 செ.மீ. ஆட்டம் போதும். சங்கிலி எல்லா இடத்திலும் ஒரே அளவாக நீளாது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில்தான் அளக்கவேண்டும்.

எஞ்சினில் காகித எண்ணெய் வடிகட்டி இல்லை. வலையும் சுழல் வடிகட்டியும்தான். அதனால் தூசிச் சாலையில் ஓடும் வண்டிக்கு எண்ணெயைக் கொஞ்சம் முந்தியே மாற்றுவது நல்லது. ஒருமுறைக்குச் சுமார் 0.8 லிட்டர் பிடிக்கும். மலிவு என்று கார் எண்ணெயை ஊற்றாதீர்கள். கிளட்ச் தட்டுகள் அதே எண்ணெயில்தான் நனைந்து நிற்கின்றன. வழுக்க ஆரம்பித்தால் மேட்டில் எஞ்சின் உறுமும், வண்டி நகராது.

பிரேக் தான் குறை. முன்னும் பின்னும் டிரம். தண்ணீர் தேங்கிய இடத்தைக் கடந்ததும் பிடிப்பு குறைந்துவிடும். பெருஞ்சாலை ஏறுவதற்கு முன்பு மெதுவாகப் போய்க்கொண்டே லேசாகப் பிரேக் பிடித்து உலர்த்துங்கள். லாரிகளுக்கு நடுவே போனபின் அதைச் செய்ய முடியாது. பிரேக் பிடிக்கும்போது பிரேக் கையிலுள்ள அம்பு டிரம் தகட்டிலுள்ள எல்லைக் குறியைத் தொட்டால் பிரேக் கட்டையை மாற்றவேண்டிய நேரம்.

பஞ்சருக்கு முக்கியக் காரணம் ஆணியில்லை, செம்பனை மட்டை முள். டயருக்குள் குத்தியபின் வெளிப்பக்கம் ஒடிந்துவிடும், நுனி உள்ளேயே நிற்கும். டியூபை மட்டும் மாற்றி ஓட்டினால் அதே இடத்தில் மறுபடியும் இறங்கும். புது டியூப் போடுவதற்கு முன்பு டயரின் உட்புறத்தைத் துணியால் மெல்லத் தடவுங்கள். நூல் மாட்டும் இடத்தில் முள் இருக்கும். குறடால் பிடுங்கிவிடலாம்.

பழைய கார்புரேட்டர் வண்டியா, பெட்ரோலை மின்சார முறையில் பீச்சும் எஃப்ஐ வண்டியா? எஃப்ஐயில் பெட்ரோல் செலவு குறைவு, குளிர்ந்த காலையிலும் உடனே எடுக்கும். ஆனால் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதால் பேட்டரி முற்றிலும் இறங்கிவிட்டால் உதைத்தாலும் எடுக்காமல் போகலாம். கார்புரேட்டர் வண்டி உதைத்தால் எடுத்துவிடும், சிறு பட்டறையிலும் கழுவித் தருவார்கள். தோட்டத்துக்குள்ளேயே ஓடுபவருக்குக் கார்புரேட்டர், தினமும் டவுன் வரை போகிறவருக்கு எஃப்ஐ.

எதை வாங்கினாலும் ஓட்டுபவர் போக ஒருவர்தான். இரண்டு பிள்ளைகள் என்றால் பள்ளி வேனுக்குச் சொல்லிவிடுங்கள்.