அடைக்கோழியா, இன்குபேட்டரா? குஞ்சின் நிறத்தைப் படிக்க எது உதவும்

அடைக்கோழி நல்லதா, இன்குபேட்டர் நல்லதா என்று கேட்டால், எத்தனை முட்டைக்கு எத்தனை குஞ்சு என்ற கணக்கைத்தான் பெரும்பாலும் பதிலாகச் சொல்வார்கள். நான் இந்தக் கேள்விக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தேன். சிவப்புச் சேவலுக்கும் வரிக்கோழிக்கும் பிறந்த குஞ்சு ஏன் கறுப்பாக இருக்கிறது, சில குஞ்சுகளின் தலையில் மட்டும் ஏன் வெள்ளைப் பொட்டு என்று தெரிந்துகொள்ள ஆசை. அந்த ஆசை இருந்தால், எந்தக் குஞ்சு எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்தது என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தாக வேண்டும்.

வெறும் பொரிப்பு என்று பார்த்தால் நல்ல அடைக்கோழியை மிஞ்ச ஆளில்லை. சூடு, ஈரம், புரட்டல் மூன்றையும் 21 நாளும் அது தானாகவே பார்த்துக்கொள்ளும். நிறக் கணக்குக்குத்தான் அது சிக்கல். அடை கிடக்கும் கூட்டில் மற்ற பெட்டைகளும் வந்து முட்டையிட்டுப் போகும். முதல் தடவை நான் 10 முட்டை வைத்தேன். ஒரு வாரம் கழித்து எண்ணினால் 13. பென்சிலால் குறியிட்டு, குறி இல்லாததை அன்றன்றே எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். ஆனால் பொரித்த பிறகு ஓடுகள் நசுங்கி, குஞ்சுகள் எல்லாம் இறக்கைக்கடியில் கலந்துவிடும். அப்போது எந்த ஓட்டிலிருந்து எது வந்தது என்று சொல்ல முடியாது.

இன்குபேட்டரில் அந்தக் கலப்பைத் தடுக்கலாம். 18ஆம் நாள் புரட்டுவதை நிறுத்தும்போதே, ஒவ்வொரு தாயின் முட்டைகளையும் தனித்தனி வலைத்தடுப்புக்குள் வைத்துவிடலாம். குஞ்சு காய்ந்ததும் காலில் தாய்க்கொரு நிற நூல் கட்டினால் போதும். (கால் தடிக்கத் தடிக்க நூலைத் தளர்த்த மறக்கவே கூடாது.) இதற்கு ஈடாக நாம்தான் கண்விழிக்க வேண்டும். மின்விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ். ஈரப்பதம் முதல் 18 நாள் 50 முதல் 55 விழுக்காடு, கடைசி மூன்று நாள் 65க்கு மேல். பெட்டியோடு வரும் வெப்பமானியை மட்டும் நம்பாமல் தனியாக இன்னொன்றை உள்ளே வையுங்கள். ஒரு டிகிரி பிசகினால்கூடப் பொரிப்பு கெடும்.

எந்த வழியில் பொரித்தாலும் அதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெட்டையின் உடலுக்குள் விந்து இரண்டு வாரத்துக்கும் மேல் உயிரோடு தங்கும். அதனால் சேவலை மாற்றினால் மூன்று வாரம் பொறுத்த பிறகே முட்டை சேகரியுங்கள். இதில் அவசரப்பட்டால், பழைய சேவலின் குஞ்சைப் புதுச் சேவலின் கணக்கில் எழுதிவிடுவோம்.

இனி, எந்த ஜோடி? பொரிக்கும் முறையைவிட இந்தத் தேர்வுதான் பெரியது என்பேன். கோழியில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம். பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. ஆகவே மகள் தன் ஒரே இசட்டைத் தகப்பனிடமிருந்து பெறுகிறாள்; தாயின் இசட் மகனுக்கு மட்டுமே போகிறது. முட்டை கூராக இருந்தால் சேவல், சூடு கூடினால் சேவல் என்ற பேச்சுகளில் உண்மை இல்லை. குஞ்சு ஆணா பெண்ணா என்பது கூட்டில் முட்டை விழுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

வெள்ளி நிற ஜீனும் வரி ஜீனும் இந்த இசட்டில்தான் இருக்கின்றன. இரண்டும் ஓங்கியவை, அதாவது ஒரு பிரதி இருந்தாலே நிறத்தில் தெரிந்துவிடும். பொன்னிற ஜீன் கொண்ட சிவப்பு இனமான ரோட் ஐலண்ட் ரெட் சேவல் ஒன்று இருந்தால் இரண்டு சோதனையையும் செய்யலாம். வெள்ளி ஜீன் கொண்ட லைட் சசெக்ஸ் இனப் பெட்டையோடு விட்டால், தாயின் வெள்ளி மகன்களுக்குப் போய் அவை வெளிர் மஞ்சளாகப் பொரிக்கும். மகள்கள் தகப்பனின் பொன்னிறத்தை மட்டும் பெற்றுச் செம்பழுப்பாக வரும். அதே சேவலை வரிபோட்ட பிளைமௌத் ராக் பெட்டையோடு விட்டால் எல்லாக் குஞ்சும் கறுப்பு. தாயின் வரி ஜீனைப் பெற்ற மகன்களுக்குத் தலையில் வெள்ளைப் பொட்டு இருக்கும், மகள்களுக்கு இருக்காது.

இரண்டில் முதலில் செய்து பார்க்க ஏற்றது வெள்ளி, பொன் ஜோடிதான். உடல் முழுக்க நிறம் வேறுபடுவதால் குழந்தைகூடப் பிரித்துவிடும். வரிச் சோதனையில் பொட்டு சில குஞ்சுகளில் பெரிதாகவும், சிலவற்றில் சிதறலாகவும் இருக்கும். நல்ல வெளிச்சமும் பொறுமையும் வேண்டும். ஆனாலும் எனக்கு அதுவே பிடித்தது, ஏனென்றால் அதில் ஒரு ஜீனின் வேலையைத் தனியே பார்க்கலாம். முழுக் கறுப்புக் கோழியில் வெள்ளியா பொன்னா என்பது மறைந்துவிடும். வரி அந்தக் கறுப்பின் மேலேயே தெரியும்.

பலர் சறுக்குவது திசையில். வெள்ளிச் சேவலைப் பொன்னிறப் பெட்டையோடு விட்டால் மகன், மகள் எல்லாமே வெள்ளிதான். வரிச் சேவலைக் கறுப்புப் பெட்டையோடு விட்டால் எல்லாக் குஞ்சுக்கும் பொட்டு. எனவே ஓங்கிய ஜீன் தாயிடம்தான் இருக்க வேண்டும். இன்னொன்று: பிறந்த குஞ்சுகளை வளர்த்து அவற்றுக்குள்ளேயே இணை சேர்த்தால், அடுத்த தலைமுறையில் இந்த அடையாளம் நிற்காது.

நீல நிறத்துக்கு (கோழியில் இது நீலச் சாம்பல்) கதை வேறு. அந்த ஜீன் இசட்டில் இல்லை, அதனால் ஆண், பெண்ணைக் காட்டாது. நீலத்தோடு நீலம் சேர்ந்தால் கால் பங்கு கறுப்பு, பாதி நீலம், கால் பங்கு வெளிறிய தெளிப்பு நிறம் (வெள்ளையில் நீலச் சாம்பல் தெறித்தது போல). காகிதத்தில் அழகான கணக்கு. 8 குஞ்சுகளே பொரிக்கும் கூட்டில் ஒன்றுகூடத் தெளிப்பு நிறத்தில் வராமல் போக நூற்றுக்குப் பத்து வாய்ப்பு உண்டு. ஆகவே ஒரு கூட்டைப் பார்த்துவிட்டுக் கணக்கு பொய்த்தது என்று முடிவுகட்டாதீர்கள். நீலக் குஞ்சுகள் மட்டுமே வேண்டுமென்றால், கறுப்பையும் தெளிப்பையும் இணை சேர்ப்பதுதான் நிச்சயமான வழி.

வளர்ப்பில் அடைக்கோழியே வெல்கிறது. முதல் வாரம் 33 டிகிரிச் சூடு, வாரம் மூன்று டிகிரி குறைப்பது என்ற விளக்குக் கவலையெல்லாம் அதற்கு இல்லை. அதனால் நான் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். முட்டைகளை இன்குபேட்டரில் வைக்கும் அன்றே, அடையில் இருக்கும் பெட்டைக்கடியில் பொய் முட்டைகளை வைக்கிறேன். குஞ்சுகள் பொரித்துக் காய்ந்ததும் நூல் கட்டி, பொட்டு உண்டா இல்லையா என்று குறித்துக்கொண்டு, இருட்டிய பிறகு ஒவ்வொன்றாக அதன் இறக்கைக்கடியில் செருகி, பொய் முட்டைகளை எடுத்துவிடுகிறேன். மறுநாள் விடியலில் போய்ப் பார்ப்பது கட்டாயம், சில பெட்டைகள் ஏற்காமல் கொத்தும். ஏற்றுக்கொண்டால், சில வாரத்தில் இறகு முளைக்கும்போது அந்தக் குறிப்பை எடுத்து ஒப்பிடலாம். பொட்டு வைத்த குஞ்சுகளின் இறக்கையில் வரி ஓடத் தொடங்கியிருக்கும்.