தங்கப் படலத்தைக் கடக்கும் ஒளி: ஒரு செய்முறைத் தொகுப்பின் மதிப்பீடு

கண்ணாடிச் சில்லின் மீது 100 நானோமீட்டர் தடிமனுக்குத் தங்கம் பூசி, அதில் 200 நானோமீட்டர் விட்டமுள்ள துளைகளை மையத்துக்கு மையம் 450 நானோமீட்டர் இடைவெளியில் சதுர வரிசையாக இட்டுத் தரும் செய்முறைத் தொகுப்பு ஒன்றை, மேற்பரப்புப் பிளாஸ்மான்களை, அதாவது உலோகப் பரப்பை ஒட்டி ஓடும் எலக்ட்ரான் அலைகளை, கற்பிப்பதற்காக வாங்கினேன். சில்லு நன்று, உடன் வந்த கையேடுதான் ஏமாற்றுகிறது.

சில்லில் துளையற்ற தங்கம், வரிசைத் துளைகள், அதே எண்ணிக்கையில் ஒழுங்கின்றி இறைத்த துளைகள் என மூன்று பகுதிகள் உள்ளன. வெள்ளொளியைச் செலுத்தினால் முதற்பகுதி ஏறக்குறைய இருட்டாகவே இருக்கிறது. இரண்டாவதன் வழியே வரும் ஒளி நிறமாலைமானியில் ஆழ்சிவப்பில் தெளிவான முகடாக எழுகிறது. மூன்றாவதில் அந்த முகடு கரைந்துவிடுகிறது. துளை மட்டும் போதாது, அவற்றின் ஒழுங்கும் வேண்டும் என்பதை இந்த மூன்றாம் பகுதி ஒரே பார்வையில் காட்டிவிடுவதால், தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. அதே அதிர்வெண் கொண்ட எலக்ட்ரான் அலையைவிட ஒளிக்கு உந்தம் குறைவு; சீரான இடைவெளியே அந்தப் பற்றாக்குறையை ஈடுசெய்து, ஒளியைத் தங்கத்தின் எலக்ட்ரான் அலைகளோடு பிணைக்கிறது. அவ்வலைகள் சுற்றுப்புறத்து ஒளியைத் துளைகளுக்குள் திரட்டி மறுபுறம் உமிழ்கின்றன. சில்லைச் சற்றே சாய்த்தால் முகடு இரண்டாகப் பிளப்பதும் அழகாகத் தெரிகிறது.

1944இல் இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே கணித்தபடி, அலைநீளத்தைவிட மிகச் சிறிய தனித்துளை ஒளியை மிகச் சொற்பமாகவே விட வேண்டும். 1998இல் இயற்பியலாளர் தாமஸ் எப்பெசன் குழுவினர், 150 நானோமீட்டர் துளைகளை 900 நானோமீட்டர் இடைவெளியில் கொண்ட வெள்ளிப் படலத்தில் 1370 நானோமீட்டரில் வலுவான முகட்டைக் கண்டது அதனால்தான் வியப்பளித்தது.

கையேடோ, படலம் ஒளியைப் “பெருக்குகிறது” என்கிறது. இது தவறு. இச்சில்லில் துளைகளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 15 விழுக்காடுதான். அப்பரப்பில் நேராக விழும் ஒளியைவிடக் கூடுதலாக மறுபுறம் வரக்கூடும் என்பதே செய்தி, விழுந்த மொத்த ஒளியைவிடக் கூடுதலாக அன்று. முதல்நாளே மாணவர் ஒருவர் இதை ஆற்றல் அழியாமை விதியோடு மோதவிட்டுக் கேட்டபோது, நான் கையேட்டை மூடி வைத்தேன்.

இன்னொரு குறை: தங்கம் கண்ணாடியில் ஒட்டுவதற்காகக் குரோமியத்தை அடியில் பூசியிருக்கிறார்கள். தங்கத்தின் இருபக்கங்களிலும் தனித்தனியே எலக்ட்ரான் அலைகள் ஓடி, தத்தம் முகட்டைத் தருகின்றன; குரோமியம் அடிப்பக்க அலைகளை உறிஞ்சி, கண்ணாடிப்பக்க முகட்டை அகலமாக்குகிறது. மேற்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் 650 நானோமீட்டரை ஒட்டி நீர்ப்பக்க முகடு எழுகிறது. வகுப்பில் இதையே காட்டுகிறேன். கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணுக்கு இணையான எண்ணெய் ஒரு சிறு குப்பியில் வைத்திருந்தால், இருபக்க அலைகளும் ஒத்திசைந்து ஊடுருவல் வலுப்பதையும் காட்டியிருக்கலாம்.