மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி: மச்சானோடு தீராத வழக்கு

இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சப்பாத்தின் சிறந்த ஆல்பம் எது என்று எங்கள் மூன்று பேருக்குள் நடக்கும் சண்டைக்குப் பதினைந்து வயதுக்கு மேல் ஆகிறது. மச்சானுக்கு ‘பாரனாய்ட்’. என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவனுக்கு ‘ஹெவன் அண்ட் ஹெல்’. எனக்கு ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’. இதுவரை யாரும் கட்சி மாறியதில்லை. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமில் வில்லா பார்க் மைதானத்தில் பழைய நால்வரும் ஒன்றாக மேடை ஏறினார்கள். பதினேழாவது நாள் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் போய்ச் சேர்ந்தார். அந்த வாரம்தான் மச்சான், “வாயால பேசிக்கிட்டே இருக்கோம், ஒருநாளாவது எல்லாத்தையும் வரிசையா கேட்டிருக்கோமா?” என்றான். நியாயமான கேள்வி. 1970 முதல் 2013 வரை 19 ஸ்டுடியோ ஆல்பங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வீதம் பத்து ஞாயிறு பிடித்தது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் தீர்ப்பில் அதற்குப் பங்கு உண்டு. நான் பவர் பிரஸ் ஓட்டுகிறவன். தகட்டை டையின் மேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பஞ்ச் இறங்கும். ஒரு கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அந்தப் பொத்தான்களில் கை வைக்கும்போதெல்லாம் எனக்கு சப்பாத்தின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி நினைவுக்கு வருவார்.

அவர் கதை பலருக்குத் தெரிந்ததுதான். பதினேழு வயதில், பர்மிங்ஹாமில் ஒரு தகடு ஆலையில் வேலை. இசைக்குழுவோடு போவதற்காக வேலையை விட்டுவிட்டார். அன்றைக்குக் கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பி வைத்தார். வழக்கமாக பிரஸ்ஸில் நிற்கும் ஆள் வராததால் இவரை நிறுத்தினார்கள். இயந்திரம் வலது கையின் மேல் இறங்கியது. நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போய்விட்டன. இதில் கொடுமை, அவர் இடக்கைக்காரர். கிட்டாரில் தந்தியை அழுத்திப் பிடிப்பதே அந்த வலது கைதான். இனி அவ்வளவுதான் என்று கிடந்தவருக்கு ஆலை மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ஜாங்கோ ரைன்ஹார்ட். தீயில் வெந்து இரண்டு விரல் முடங்கியும் கிட்டார் வாசித்தவர். அப்புறம் ஐயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்தியாக இருக்கட்டும் என்று பாஞ்சோ தந்திகளை மாட்டி, மறுபடி தொடக்கத்திலிருந்து பழகினார்.

எனக்கு நடந்தது அதில் நூறில் ஒரு பங்கு. தகட்டை நகர்த்தும்போது இடது ஆள்காட்டி விரல் நசுங்கி நகம் போனது, அவ்வளவுதான். ஆனால் கட்டுப் போட்ட விரலோடு என் பழைய கிட்டாரை எடுத்துப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. தந்தி விரலுக்குக் கீழே எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தெரியாததால் தேவைக்கு மேல் அழுத்துவோம். அழுத்தினால் ஸ்வரம் ஏறிப்போகும். பார்த்தேன், முறுக்காணியைத் திருகி எல்லாத் தந்தியையும் தளர்த்திவிட்டேன். வலி பாதி குறைந்தது. கிட்டாரும் வேறு குரலில் உறுமியது.

‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் ஐயோமி செய்தது அதேதான். 1971 ஜூலையில் வந்த இந்த மூன்றாவது ஆல்பத்தில் ‘சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்’, ‘லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்’, ‘இன்டு த வாய்ட்’ மூன்றுக்கும் கிட்டாரை ஒன்றரை ஸ்வரம் இறக்கிக் கட்டினார். கணக்குப் போட்டால் தந்தியின் இழுவிசை ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். விரலுக்கு நிம்மதி. கீஸர் பட்லரும் பேஸ் கிட்டாரைக் கூடவே இறக்கினார். காயத்துக்குச் செய்த வைத்தியம், பின்னால் வந்த டூம், ஸ்டோனர், ஸ்லட்ஜ் என்ற கனத்த மெட்டல் வகைகளின் எத்தனையோ குழுக்களுக்கு வேதமாகிவிட்டது.

சரி, தட்டுக்கு வருகிறேன். கறுப்பு அட்டையில் நெளியும் எழுத்து, படம் எதுவும் கிடையாது. ஊசி இறங்கியதும் முதலில் கேட்பது இருமல். ஐயோமியின் இருமல்தான், புகை இழுத்துத் தொண்டையில் சிக்கியது. அதையே வெட்டி ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் முதுகில் ‘ஸ்வீட் லீஃப்’ ரிஃப்பை, அதாவது பாட்டு முழுக்க மீண்டும் மீண்டும் வரும் கிட்டார் துண்டை, இறக்கியிருக்கிறார்கள். அடுத்து ‘ஆஃப்டர் ஃபாரெவர்’. சாத்தான் குழு என்று பேர் வாங்கியவர்கள், கடவுளை நம்பாதவனைப் பார்த்துச் சாவுக்குப் பிறகு என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். வரிகள் எழுதிய பட்லர் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை. இந்தப் பாட்டின் தொடக்கம் எனக்கு ஒட்டவே இல்லை, எத்தனை தடவை கேட்டும் ஒட்டவில்லை. அதையும் பதிவு செய்கிறேன்.

‘எம்ப்ரியோ’ 28 விநாடி. பாட்டு என்று சொல்ல முடியாது, வாசலில் செருப்பைக் கழற்றும் நேரம். அது முடிந்ததும் ‘சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்’ குதிரைப் பாய்ச்சலில் புறப்படுகிறது. தளர்ந்த தந்தியில் விரைவாக வாசிப்பது சுலபமில்லை. தந்தி ஆடும், ஸ்வரம் வழுக்கும். அந்த வழுக்கலே இங்கே தாளத்துக்குக் கனம் கொடுக்கிறது. நல்ல ஹெட்ஃபோனில் ரிஃப்பின் கடைசி ஸ்வரத்தை மட்டும் கவனியுங்கள். கொஞ்சம் மேலே எகிறி, பிறகு தன் இடத்தில் உட்காரும். என் கட்டுப் போட்ட விரலில் கேட்ட அதே ஏறல்.

இரண்டாம் பக்கம் ‘ஆர்கிட்’ என்ற ஒன்றரை நிமிட அகூஸ்டிக் கிட்டாரோடு தொடங்குகிறது. ‘லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்’ முடிந்ததும் ‘சாலிட்யூட்’. இங்கேதான் தம்பி மாட்டினான். அந்த மெல்லிய குரல் டிரம்மர் பில் வார்டுடையது என்று வருஷக்கணக்காகச் சாதித்து வந்தவன், பந்தயமும் கட்டினான். பாடியது ஓஸியேதான், புல்லாங்குழல் ஐயோமி. வார்ட் பாடியது 1976 ‘டெக்னிக்கல் எக்ஸ்டஸி’யில் ‘இட்ஸ் ஆல்ரைட்’. “அண்ணே, ஓஸிக்கு இப்படிப் பாட வருமா?” என்று அவன் கேட்டதில் தப்பில்லை. மற்றப் பாட்டுகளில் ரிஃப் போகும் வழியிலேயே ஓட்டிக்கொண்டு பாடுகிறவர், இதில் தனியாக நிற்கிறார்.

கடைசி ‘இன்டு த வாய்ட்’. அழிந்த பூமியை விட்டு ராக்கெட்டில் கிளம்பும் கதை. எங்கள் ஷெட்டில் பெரிய பிரஸ்ஸின் சக்கரம் நிற்கும்போது ஒரு சத்தம் வரும். மின்சாரத்தை அணைத்த பிறகும் தன் பாரத்தில் சுற்றி, மெல்ல மெல்ல அடங்கும். அதைத் திருப்பி ஓடவிட்டால் இந்தப் பாட்டின் தொடக்கம். பல தடவை கேட்டவர்களுக்கும் நடுவில் அது வேகம் பிடிக்கும் இடத்தில் கழுத்து தானாக ஆடும்.

குறை இல்லாமல் இல்லை. மொத்தமே 34 நிமிடத்தைச் சுற்றித்தான். அதில் குட்டி வாத்தியத் துண்டுகள் இரண்டைக் கழித்தால் ஆறு பாட்டு. எண்ணிக்கை குறைகிறது என்றோ என்னவோ, அமெரிக்காவில் வந்த முதல் பதிப்புகளில் பாட்டுகளின் முன்பின் பகுதிகளுக்கெல்லாம் தனிப் பெயர் கொடுத்து அட்டையை நிரப்பியிருந்தார்கள். கேட்கிற சரக்கு அதேதான். டிரம் சத்தமும் கொஞ்சம் உலர்ந்துதான் கேட்கிறது. பில் வார்ட் மாதிரி ஜாஸ் ஊஞ்சலில் அடிக்கும் கைக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம்.

மச்சான் கட்சியையும் சொல்ல வேண்டும். ‘பாரனாய்ட்’ 1970 செப்டம்பரில் வந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. மறுபடி அவர்கள் ஆல்பம் அங்கே முதலிடம் பிடிக்க 2013-இன் ‘13’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘வார் பிக்ஸ்’, ‘அயர்ன் மேன்’, ‘பாரனாய்ட்’ மூன்றும் ஒரே பக்கத்தில். அதிலும் தலைப்புப் பாட்டு, ஆல்பம் நீளம் போதவில்லை என்று கடைசியில் அவசரமாகச் செய்தது. தட்டில் நேரத்தை நிரப்ப வந்த பிள்ளை வீட்டையே ஆள்கிறது என்பான் மச்சான். இரண்டாம் பக்கத்து ‘ஹேண்ட் ஆஃப் டூம்’ எனக்கும் பிடிக்கும், அதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் புகார் ஒன்றுதான்: ‘ரேட் சாலட்’ வரும்போது மச்சானே எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறான். ஒவ்வொரு தடவையும் கவனித்தேன். நடுவில் எழுந்து போகிற ஆல்பத்தை எப்படிச் சிறந்தது என்பது?

தம்பி சொல்லும் 1980 ‘ஹெவன் அண்ட் ஹெல்’ வேறு ரகம். ஓஸி போய் ரானி ஜேம்ஸ் டியோ வந்த பிறகு, மார்ட்டின் பர்ச் தயாரிப்பில் ஒவ்வொரு வாத்தியமும் கண்ணாடி துடைத்தது போலத் தெளிவு. ஓஸி ரிஃப்போடு நடப்பார், டியோ ரிஃப்புக்கு எதிராக ஒரு மெட்டு கட்டுவார். ‘சில்ட்ரன் ஆஃப் த ஸீ’ கேட்டால் வித்தியாசம் விளங்கும். தலைப்புப் பாட்டில் பட்லரின் பேஸ், கல்யாண வீட்டுத் தூண் மாதிரி ஆடாமல் நிற்கிறது. குறையே சொல்ல முடியாத தட்டு. ஆனால் அந்தப் பதிவு நடந்ததே நினைவில்லை என்று பில் வார்ட் பின்னாளில் சொன்னார், குடி அந்த அளவுக்கு இருந்தது. சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே போயும்விட்டார். என்னைக் கேட்டால் இது அதே பெயர்ப்பலகை மாட்டிய இன்னொரு நல்ல கடை. தம்பி இதற்கு இரண்டு நாள் பேசவில்லை.

மற்றவற்றில் என்னை அசைத்தது 1975 ‘சபோட்டாஜ்’. பழைய மேனேஜரோடு வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம், ஸ்டுடியோவுக்கே வக்கீல்கள் வந்து போனார்கள். அந்தக் கடுப்பு ‘சிம்ப்டம் ஆஃப் த யூனிவர்ஸ்’ ரிஃப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறது. த்ராஷ் என்ற அதிவேக மெட்டலுக்கு அந்தச் சொல் வருவதற்கு முன்பே வந்த த்ராஷ். அட்டைப் படத்தில் பில் வார்ட் மனைவியிடம் இரவல் வாங்கிய சிவப்பு இறுக்கக் காற்சட்டையோடு நிற்கிறார். அதைப் பார்த்துச் சிரித்து முடித்துவிட்டு ஊசியை இறக்குங்கள். ‘வால்யூம் 4’ இல் ‘சூப்பர்நாட்’ இருக்கும்வரை அதை யாரும் குறை சொல்ல விடமாட்டேன், ‘எஃப்எக்ஸ்’ என்ற அந்த எதிரொலிக் குப்பையைத் தவிர. 1983 ‘பார்ன் அகெய்ன்’ ஒலிக்கலவை சேற்றில் முக்கியெடுத்தது போல. அதில் பாடிய இயான் கில்லன் அலறுவது மட்டும் தெளிவு. பின்னால் வந்த பாடகர் டோனி மார்ட்டின் காலத்தை மூவரும் அவமதித்து வந்திருக்கிறோம். ‘ஹெட்லெஸ் கிராஸ்’ போட்டபோது அறையில் ஒருவரும் பேசவில்லை. பல வருஷம் கிடைக்காமல் இருந்த அந்தக் காலத்து நான்கு ஆல்பங்கள் 2024-இல் ‘ஆனோ டொமினி’ பெட்டியாக வந்துவிட்டன.

‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யை வாங்க நினைக்கிறவர்களுக்கு: 2009 இரட்டை சிடி பதிப்பில் ‘வீவில் வுமன் ’71’ என்ற விட்டுப்போன பாட்டு இருக்கிறது. ஒரு முறை கேட்டால் ஏன் விட்டார்கள் என்று தெரிந்துவிடும். நான் தட்டு வாங்கியது இணையத்தில் பழைய தட்டு விற்கும் ஒருவரிடம். ‘கீறலே இல்லை’ என்றுதான் போட்டிருந்தார். வந்தது கிண்ணம் மாதிரி வளைந்த தட்டு, ஊசி ஒவ்வொரு சுற்றிலும் படகு போல ஏறி இறங்கியது. கீறல் உண்மையிலேயே இல்லை, அவரைக் குற்றம் சொல்ல வழியில்லை. இரண்டாவது தடவை புதிய பதிப்பாகவே வாங்கினேன். புதிதாக வாங்குங்கள், அல்லது நேரில் தட்டைக் கண்மட்டத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். சின்ன புளூடூத் ஸ்பீக்கரில் இதைக் கேட்காதீர்கள். இறக்கிக் கட்டிய தந்தியின் அடித்தொனியை அது விழுங்கிவிட்டு வெறும் இரைச்சலைத் தரும்.

பத்தாவது ஞாயிறு ‘13’ முடிந்ததும் ஓட்டுப் போட்டோம். ஆளுக்கு ஒன்று, பழைய கணக்கேதான். கிளம்பும்போது மச்சான் என் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “சும்மா ஒரு தடவை சரிபார்த்துட்டுத் தரேன்” என்றான். ஐந்து வாரம் ஆகிறது. போன் செய்தால் ‘பாரனாய்ட்’தான் சிறந்தது என்கிறான். பின்னணியில் யாரோ இருமுகிறார்கள், ஒரே அளவில், திரும்பத் திரும்ப.