ஜீன் ஆராய்ச்சிக்கு எது தோது: ஃபால்சிபாரமா, டாக்ஸோபிளாஸ்மாவா?

ரெண்டும் ஒரு செல் ஒட்டுண்ணிங்க, தூரத்து சொந்தக்காரங்கதான், ஆனா லேப்ல ரெண்டோட குணமும் வேற. டாக்ஸோபிளாஸ்மாவை வளக்குறது சுலபம், மனுஷ தோல் செல்லை தட்டுல வளத்து அதுமேல விட்டா போதும், தானா பெருகிக்கிட்டே போகும். மலேரியா தர்ற ஃபால்சிபாரத்தை 1976லயே லேப்ல தொடர்ந்து வளத்துக் காட்டிட்டாங்க, ஆனா அதுக்கு புதுசு புதுசா மனுஷ ரத்தம் வேணும், ஆக்ஸிஜனும் கம்மியா இருக்கணும், ராஜ உபசாரம்தான் போங்க.

நிஜமான வித்தியாசம் டிஎன்ஏவை குறிப்பிட்ட இடத்துல வெட்டுற கருவியான கிரிஸ்பர்ல தெரியும். டிஎன்ஏவை வெட்டினா டாக்ஸோ அந்த ரெண்டு முனையையும் அவசரமா ஒட்டிக்கும், ஒட்டுற இடத்துல தப்பு வரும், ஜீன் கெட்டுடும், நமக்கு வேண்டியதும் அதான். அதனாலதான் 2016ல அதோட 8000க்கும் மேல இருக்கிற ஜீன் எல்லாத்தையும் ஒரே சோதனையில தட்டிப் பாக்க முடிஞ்சுது. ஃபால்சிபாரத்துக்கு அந்த ஒட்டுற வித்தையே கிடையாது, ஒவ்வொரு ஜீனுக்கும், பாத்து சரிபண்ண அச்சு மாதிரி ஒரு டிஎன்ஏ துண்டும் சேத்து குடுக்கணும், இல்லன்னா செத்துப்போகும். போதாததுக்கு அதோட டிஎன்ஏ எழுத்துல சுமார் 80% ஏவும் (A) டியும் (T)தான், வெட்ட தோதான இடம் தேடுறதே தலைவலி.

ஜீன் என்ன பண்ணுதுன்னு சும்மா தெரிஞ்சுக்க என் ஓட்டு டாக்ஸோவுக்கு. மருந்துக்கு மசியாத மலேரியான்னு வந்துட்டா மட்டும் அது உதவாது, ஆர்டிமிசினின்ங்கிற மலேரியா மருந்துக்கு அடங்காததுக்கு காரணமான கெல்ச்13 ஜீன் மாற்றத்தை 2014ல கம்போடியா ஃபால்சிபாரத்துலதான் பிடிச்சாங்க.