களிமண் பலகையா, பாப்பிரஸ் சுருளா?

எழுதுவதற்கு, மெசப்பொத்தேமியாக்காரர்களுக்கு (இன்றைய ஈராக் பகுதி) கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது ஆற்று வண்டல். எகிப்தியர்களுக்கு நைல் சதுப்பில் வளர்ந்த பாப்பிரஸ். நாம் பாய் முடைகிற கோரையின் உறவுக்காரச் செடி அது. எழுத்து பிறந்த காலத்தை ஒட்டியே இரண்டும் புழக்கத்துக்கு வந்துவிட்டன.

எழுதுகிற சௌகரியத்தில் பாப்பிரஸ்தான் மேல். தண்டின் உள்சோற்றைப் பட்டை பட்டையாகச் சீவி, நெடுக்கில் ஒரு வரிசை, குறுக்கில் ஒரு வரிசை அடுக்கி, அழுத்திக் காயவைத்தால் தாள் தயார். தாள்களை ஒட்டிச் சுருட்டி எங்கும் கொண்டுபோகலாம். கரி மையில் சரசரவென்று எழுதலாம். களிமண்ணில் அது நடக்காது. கோடு இழுத்தால் மண் பிசிறும். அதனால் நாணல் முனையை அழுத்தி அழுத்தி எடுத்தார்கள். ஆப்பெழுத்து அப்படித்தான் வந்தது. ஈரம் காய்வதற்குள் எழுதியும் முடிக்க வேண்டும்.

ஆனால் ஒப்பந்தம் என்று வந்தால் என் ஓட்டு களிமண்ணுக்கே. இன்றைய துருக்கியில் உள்ள கானேஷில், கி.மு. 19ஆம் நூற்றாண்டில் வட மெசப்பொத்தேமியாவின் அசீரியாவிலிருந்து வந்த வணிகர்கள் செய்ததைப் பாருங்கள். கடன் பத்திரத்தை எழுதிக் காயவைத்து, அதன்மேல் களிமண்ணாலேயே ஓர் உறை போர்த்துவார்கள். உறைமேலும் அதே விவரத்தை எழுதி, கடன் வாங்கியவரும் சாட்சிகளும் ஈர மண்ணில் முத்திரையை உருட்டுவார்கள். தகராறு வந்தால் உறையை உடைத்து உள்ளே இருப்பதைப் படிக்கலாம். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மோசடிக்கு இப்படிப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்!

சரி, எது நிலைத்தது? கி.மு. 612இல் அசீரியத் தலைநகர் நினிவே எரிந்தபோது அசுர்பனிபால் மன்னனின் நூலகக் களிமண் பலகைகள் பல சுட்டு இறுகித் தப்பின. பாப்பிரஸுக்குத் தீயும் ஆகாது, ஈரமும் ஆகாது. வறண்ட பாலைதான் அதற்குக் காவல். செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ப் என்ற இடத்தில் 2013இல் கிடைத்த மெரெர் என்ற அதிகாரியின் நாட்குறிப்பு, கூஃபு மன்னனின் பிரமிடுக்குப் படகில் சுண்ணாம்புக்கல் கொண்டுபோன கணக்கைச் சொல்கிறது. வயது சுமார் 4,500 ஆண்டு.

வியன்னாவில் உள்ள கி.பி. 2ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஒன்றும் அப்படி எகிப்தின் வறட்சியால் பிழைத்ததுதான். ஒரு பக்கம், சேர நாட்டுத் துறைமுகமான முசிறியுடன் நடந்த வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கம் ஹெர்மப்போலன் கப்பலில் வந்த யானைத் தந்தம் முதலிய சரக்கின் மதிப்பு. முசிறித் துறையில் அந்தச் சரக்கை விற்றவர்களின் கணக்கு ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. ஓலையில் எழுதி வைத்திருந்தாலும், மேற்குக் கரை மழை அதை விட்டுவைத்திருக்காது.